ஈ உக்காந்த நம்பரும் ரெண்டு கிலோ கணக்கப்புள்ளையும்

வாடா பேராண்டி. செருப்ப வாசல்லயே கழட்டு, ஹட்டன் சேறு முழுக்க ஒன் கால்லதான் இருக்கு. லேப்டாப்ப நனைய விடாம நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்திருக்க. அந்தக் கொடையில பாதிய அத்தைக்குப் பிடிச்சிருந்தா கொறஞ்சா போயிருவ? உக்காருங்க தங்கச்சி. கேத்தல் கொதிக்குது. எங்க வீட்டுல டஸ்டுத் தூளுதான், நல்லது பூராவும் கொழும்பு ஏலத்துக்குப் போயிருச்சு.

சரி, என்னா வழக்கு? கொழுந்துக் கணக்குல 22 கிலோ கொறையுதுன்னு அத்தை சொல்லுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீ சொல்ற. ரெண்டு பேரும் சரிதான். தராசும் பொய் சொன்னதில்லடா. தராசுக்குப் பக்கத்துல பேனாவோட நின்னவன்தான் சொன்னான். 34 வருசம் அப்படி நின்னவன் ஒன் முன்னால உக்காந்திருக்கேன்.

கெழவனுக்கு எக்செல் எங்க தெரியும்னு பாக்குற. 2020-ல ஊரடங்கு போட்டு எல்லாரையும் காம்பராவுக்குள்ள அடைச்சப்ப ஒன் அக்கா ஆன்லைன்ல கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தா. அவளுக்குத் தெரிஞ்ச மாணவர் 11 பேரு. கட்டில்ல படுத்துக்கிட்டு போர்வைக்குள்ள இருந்து கேட்ட 12-ஆவது ஆள அவ எண்ணல. கண்ணாடிய எடு.

அட, மொதல்ல இது என்னா? அடையாள அட்டை நம்பர்னு தலைப்பு, கீழ 1.98557ஈ+11. நம்பருக்கு நடுவுல ஈ உக்காந்திருக்கேடா, ஒனக்கு விரட்டத் தோணலியா? சிரிக்காத, அது இங்கிலீசு எழுத்துன்னு எனக்கும் தெரியும். 1.98557-ஐப் பத்தால 11 தடவ பெருக்கிக்கன்னு அர்த்தம். ஜெனரல்ங்கிற ஃபார்மட்டுக்கு 11 இலக்கம் வரைக்கும்தான் மூச்சு. 12 ஆச்சுன்னா சுருக்கிப் பேச ஆரம்பிச்சிரும். உள்ள முழு நம்பரும் பத்திரமாத்தான் இருக்கு. 15 இலக்கம் வரைக்கும் பத்திரம். அதுக்கு மேல போனாத்தான் மிச்சத்த எல்லாம் பூஜ்யமாக்கிரும்.

பழைய அட்டையில 9 இலக்கம், பின்னால வி-யோ எக்ஸோ ஒரு எழுத்து. அந்த எழுத்து காவக்காரன் மாதிரி நின்னதால எக்செல் அத நம்பர்னு நெனைக்காம அப்படியே எழுத்தா வச்சிருந்துச்சு. 2016-ல 12 இலக்க அட்டை வந்துச்சு. காவக்காரன் போனான், ஈ வந்துருச்சு. காகிதத்துல ஒத்த எழுத்து மாறுனா என்னா ஆகும்னு மலையகத்துக்காரனுக்கு வேற எவனும் வகுப்பு எடுக்க வேணாம். 1948-ல வந்த சட்டத்துல நாடில்லாத ஆளுகளாப் போயி, 2003-ல இன்னொரு சட்டம் வந்து மிச்சம் இருந்தவங்களச் சேர்த்துக்கிற வரைக்கும் காகிதம்தான நமக்கு உசிரு.

உள்ளதான் சரியா இருக்கே, தாத்தா ஏன் ஏசுறாருன்னு கேப்ப. நாளைக்கு நீ இத சிஎஸ்வி ஆக்கி வங்கிக்கு அனுப்புவ. சிஎஸ்வி உள்ள எட்டிப் பாக்காது, ஸ்கிரீன்ல என்னா தெரியுதோ அதத்தான் எழுதிக்கும். ஈயும் கூடவே போகும். அங்க ஒருத்தர் தொறப்பாரு, 198557000000-ன்னு விரியும். எண்ணிப் பாரு, பின்னால ஆறு பூஜ்யம். 1985-ல ஒரு பத்து நாளைக்குள்ள பொறந்த பொம்பளைங்க எல்லாரும் ஒரே ஆளாயிருவாங்க. காட்சியில மட்டும் இருந்த தப்பு அந்த எடத்துல நெசமான தப்பாயிருது. எங்க பாட்டன் காலத்துத் துண்டும் இப்படித்தான். அதுல எழுதுன கடன்தான் கடன். வாங்குனியா இல்லியான்னு அடுத்த தோட்டத்துத் தொர கேக்க மாட்டாரு, துண்டுல என்னா இருக்குன்னு கேப்பாரு. அத 1921-ல சட்டம் போட்டு நிறுத்துனாங்க. சிஎஸ்வி-ய எவன் நிறுத்துவான்?

ஒன் மெக்ரோவக் காட்டு. இந்தா, மேல் வரியில வேல்யூ எழுதுற, கீழ் வரியில நம்பர்ஃபார்மட்டுக்கு '@' போடுற. தேத்தண்ணிய ஊத்திட்டுக் கோப்பைய வைக்கிறவன எங்கயாவது பாத்திருக்கியா? நம்பரா உள்ள போனது போனதுதான். பின்னால '@' போட்டாலும் ஈ பறக்காது. ரெண்டு வரியையும் எடம் மாத்து. '@' மொதல்ல, நம்பர் அப்புறம். ஏற்கெனவே நம்பரா விழுந்துட்ட பழைய மாசங்களுக்கு '0'-ன்னு ஃபார்மட் குடுத்து 12 இலக்கமும் வரிசையா நிக்குதான்னு பாத்துட்டு அனுப்பு. ஃபோன் நம்பரெல்லாம் 077-க்குப் பதிலா 77-ன்னு மொட்டையா நிக்குதே, அதுக்கும் மருந்து இதுதான். போன பூஜ்யத்த மட்டும் நீயே உக்காந்து திருப்பி வைக்கணும்.

இது யாரு வீடு? லயம் 12, காம்பரா 3. எங்க அது? 12/3-ன்னு டைப் பண்ணிருக்க, எக்செல் மார்ச் 12-ன்னு வச்சுக்கிருச்சு. பக்கத்துல மெக்ரோ எழுதுன பட்டியல்ல அதே வீடு டிசம்பர் 3. மெக்ரோ எழுதுற விபிஏ-வுக்குப் பாஸ்போட்டு அமெரிக்காடா. எழுத்தாக் குடுத்த தேதியில மொத நம்பர மாசம்னு படிக்கும். ஒரு குடும்பம், ஒரு கூரை, நடுவுல ஒம்போது மாசம். அடுத்தாப்புல நீ என்னா பண்ணிருப்பன்னும் சொல்லவா? பதறிப்போயி '@' போட்டிருப்ப, 45728-ன்னு வந்திருக்கும். பேயடிச்ச மாதிரி எனக்கு ஃபோன் போட்டது அன்னைக்குத்தான? அது 1900 ஜனவரி 1-ல இருந்து 2025 மார்ச் 12 வரைக்கும் எண்ணுன நாளு. அதுலயும் ஒரு நாள் கள்ளக் கணக்கு. 1900-க்குப் பெப்ரவரி 29 கெடையாது, ஆனா எக்செல் இருக்குங்கும். முன்னால இருந்த லோட்டஸ் 1-2-3 பண்ணுன தப்பு அது. அதோட ஒத்துப் போகணும்னு இது தெரிஞ்சே எடுத்துக்கிச்சு. மாமியா வச்ச கரண்டிய மருமக எடம் மாத்தாத கதை.

மொகத்தத் தொங்கப் போடாத, இதுல பெரிய பெரிய ஆளுகளே தோத்திருக்காங்க. மனுசனோட மரபணுவுக்குப் பேரு வைக்கிறதுக்குன்னு ஒரு குழு இருக்கு. மார்ச்1, செப்ட்1-ன்னு பேரு வச்சிருந்தாங்க. எக்செல் அதெல்லாம் மார்ச் மாசம் 1, செப்டம்பர் 1-ன்னு தேதியாக்கி, ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் நாறிப் போச்சு. கடைசியில 2020-ல மார்ச்எஃப்1, செப்டின்1-ன்னு மரபணுவோட பேரையே மாத்திட்டாங்க. எக்செல் எழுதுறத மாத்துறதவிட மனுசன் எழுதுறத மாத்துறது லேசுன்னு தோணிருக்கு போல.

தங்கச்சி, சீனி போதுமா? இருங்க, ஒங்க 22 கிலோவுக்குத்தான் வாரேன். இவனுக்கு இன்னும் கொஞ்சம் குடுக்க வேண்டியிருக்கு.

போன மாசம் பெரட்டுல என்னாடா சத்தம்? பாதிப் பேருக்கு சம்பளச் சீட்டு வரல. ரன்டைம் எரர் 6, ஓவர்ஃப்ளோன்னு நீ எல்லாருக்கும் இங்கிலீசுல சொல்லி, அவங்களும் ஏதோ அரசாங்கம் நிப்பாட்டிருச்சுன்னு நெனச்சு தலைவர்கிட்டப் போயிட்டாங்க. நான் சீட்டு வந்தவன் வராதவன் ரெண்டு பக்கத்தையும் விசாரிச்சேன். 24 நாள் பேரு போட்டவனுக்கு வந்திருக்கு, 25 நாள் போட்டவளுக்கு வரல. அப்பவே சிரிச்சேன். நாட்சம்பளம் 2021-ல 1,000 ஆச்சு. 25 பேருக்கு 25,000. அன்னைக்கு எவனோ மெக்ரோவுல சம்பளத்த இன்டிஜர்னு அறிவிச்சிட்டுப் போயிருக்கான். இன்டிஜர் வயித்துக்கு 32,767 வரைக்கும்தான் சோறு எறங்கும். 2024 செப்டம்பர்ல 1,350 ஆச்சு. 24-ஆல பெருக்குனா 32,400, தப்பிச்சிரும். 25-ஆல பெருக்குனா 33,750, வயிறு வெடிச்சிரும். மழையின்னும் பாக்காம, அட்டைக்கடியின்னும் பாக்காம மாசம் பூரா மலைக்குப் போனவளுக்குச் சீட்டு இல்ல. ஒரு நாள் தவறணையில படுத்துக் கெடந்தவனுக்குச் சீட்டு சொளையா வந்துருச்சு. அவன் அதையும் சொல்லிக்காட்டிக்கிட்டுத் திரிஞ்சான்.

லாங்-னு மாத்துனியா? சரி. 214 கோடி வரைக்கும் தாங்கும். சங்கத்துக்காரங்க கேக்குறத எல்லாம் கம்பெனிக்காரங்க குடுத்தாலும் அதுக்குள்ள அடங்கிரும், அதப் பத்தி நீ கவலப்படாத. ஆனா 1350 * 25-ன்னு மெக்ரோவுக்குள்ளயே நம்பரா எழுதிருந்தா, வெளிய லாங் காத்திருந்தாலும் வெடிக்கும். ரெண்டும் சின்ன நம்பர்ங்கிறதால பெருக்கலையே அது இன்டிஜர் சட்டிக்குள்ள வச்சுத்தான் பண்ணும். ஒண்ணையாவது லாங் ஆக்கிட்டுப் பெருக்கு. காசுக் கணக்குக்குன்னே கரன்சின்னு ஒரு வகை இருக்கு, சதம் வர்ற எடத்துல அதப் போடு.

சதம்னதும் ஞாபகம் வருது. நம்பிக்கை நிதியத்துக்கு நூத்துக்கு 3. ஒரு பேருக்கு 40 ரூபா 50 சதம், 25 பேருக்கு 1,012.50. ஷீட்டுல ரவுண்ட் போட்டா 1,013. மெக்ரோவுல அதே ரவுண்ட் போட்டா 1,012. சரியா பாதியில நின்னா விபிஏ பக்கத்துல இருக்கிற ரெட்டைப்படைக்குப் போகும், ஷீட்டு மேல போகும். மூணாவதா நீ ஒரு வேல பண்ணிருக்க. ரவுண்டே பண்ணாம ஃபார்மட்ட மட்டும் '0'-ன்னு வச்சிருக்க. கண்ணுக்கு 1,013, உள்ள 1,012.50. கீழ கூட்டிப் பாத்தா எந்தத் தாள்லயும் கணக்கு ஒத்து வராது. பெரிய கிளாக்கர் ஐயா மூணு ராத்திரி தூங்காம ஒத்த ரூபாயத் தேடுனது இதுக்குத்தான். ஃபார்மட்ங்கிறது பூச்சுடா, சுண்ணாம்பு. உள்ள இருக்கிற செங்கல்ல அது தொடுறதில்ல.

பூச்சே பொய் சொன்ன கதையும் இருக்கு. 2007-ல வந்த எக்செல்ல 850-ஐ 77.1-ஆல பெருக்குனா 1,00,000-ன்னு காட்டுச்சு. சரியான விடை 65,535. உள்ள சரியாத்தான் வச்சிருந்துச்சு, வாய்தான் கொளறுச்சு. அந்த வருசமே திருத்திட்டாங்க.

இது எவன் எழுதுன வரி? வால்! பேருக்கு ஏத்த வால்தான். '1,350'-ன்னு எழுத்தா இருக்கிறத வால்-கிட்டக் குடுத்தா கமாவக் கண்டதும் நின்னுரும், 1-ன்னு சொல்லும். நாட்சம்பளம் ஒத்த ரூபா. வெள்ளக்காரன் காலத்துக்கே கூட்டிட்டுப் போயிரும். சிடபுள் போடு, அதுக்கு கமா தெரியும். இங்க என்னா, ஃபார்மட் கடைசியில கமா? '#,##0,'. அந்த வால் கமா ஆயிரத்தால வகுத்துக் காட்டுறதுக்கு. 33,750 ரூபாய 34-ன்னு காட்டும். இது பங்களாவுக்குப் போற அறிக்கையில இருந்தா தொர சந்தோசப்படுவாரு, சம்பளச் சீட்டுல இருந்தா ஒன்ன மலையில இருந்து உருட்டி விட்ருவாங்க.

தமிழ்ல 'ரூ.' போட ஆசப்பட்டு கேள்விக்குறியா வாங்கி வச்சிருக்க. ஆச நல்ல ஆசதான். விபிஏ எழுதுற பெட்டிக்குத் தமிழ் வராது. ஷீட்டுக்கு வரும். அதனால ஷீட்டுல ஒரு மூலையில 'ரூ.'-ன்னு எழுதி வச்சு மெக்ரோவ அங்க போய் எடுத்துக்கச் சொல்லு. இல்லாட்டி சிஎச்ஆர்டபிள்யூ 2992, பின்னால 3010. ர-வும் அதோட கொக்கியும் வந்துரும். ஃபார்மட்டுக்குள்ள எழுத்து வச்சா மேற்கோள் குறிக்குள்ள வைக்கணும். மெக்ரோவுல அந்தக் குறிய ரெண்டு ரெண்டாப் போடணும், மறந்தா அந்த வரி ஓடவே ஓடாது. ஷீட்டப் பூட்டி வச்சிருந்தா 1004-ன்னு கத்தும். பூட்டுனது யாரு? நீயேதான். சாவி எங்க? அதுவும் ஒனக்குத்தான் தெரியும்.

சரி, இப்ப அத்தையோட வரிசைக்கு வா. நாளுக்கு நாள் கிலோ. 19, 21, 18, 22, 20... நீ ஏன் எல்லா நம்பரையும் நடுவுல நிக்க வச்சிருக்க? அழகுக்கா? கொழுந்துக் கூடைக்கு எவனாவது பூ வைப்பானாடா? அந்த சென்டர எடு. இப்பப் பாரு. எல்லாம் வலது பக்கம் போயி நிக்குது, 14-ஆம் தேதி 22 மட்டும் எடது பக்கம் ஒதுங்கி நிக்குது. பெரட்டுக் களத்துல நெறை மாறி நிக்கிறவன் அந்தக் காலத்துல எப்படி மாட்டுவானோ அப்படித்தான் இதுவும் மாட்டுது. நம்பர் வலது, எழுத்து எடது. அந்த 22 எழுத்து. சம் போட்டா எழுத்தத் தாண்டிப் பேசாமப் போயிரும். எரரும் காட்டாது, கேள்வியும் கேக்காது. சில செல்லுல மூலையில பச்சைக் கொழுந்து மாதிரி ஒரு முக்கோணம் கெளம்பும், அது எப்பவும் வரும்னு நம்பிராத.

நம்பர்ஃபார்மட்தான் மாத்துனேனேங்குற. தேயிலைப் பெட்டி மேல பிஓபின்னு எழுதிட்டா உள்ள இருக்கிற டஸ்டு பிஓபி ஆயிருமா? பெட்டியத் தொறந்து கொட்டி, திரும்ப அள்ளணும். ஃபார்மட்ட '0' ஆக்கிட்டு, அடுத்த வரியில ரேஞ்ச் டாட் வேல்யூ சமம் அதே ரேஞ்ச் டாட் வேல்யூ. தன்னத் தானே ஒரு தடவ எழுதிக்க வை. ஓட்டு.

அசையல, இல்ல? அப்ப உள்ள வேற எதோ இருக்கு. லென் போட்டுக் கேளு, எத்தன எழுத்துன்னு. 22-க்கு ரெண்டுதான வரணும்? 3. பாத்தியா. அன்னைக்குக் கிலோவ எவனோ வாட்ஸ்அப்ல அனுப்ப, நீ அத அப்படியே ஒட்டிருக்க. கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வெத்திடம் வந்திருக்கு. ட்ரிம் போடாத, ட்ரிம்முக்கு சாதாரண வெத்திடம் மட்டும்தான் தெரியும். இது 160-ஆம் நம்பர். ரீப்ளேஸ்ல 160-அ எடுத்துட்டு ஒண்ணும் இல்லாததப் போடு. அப்புறம் சிடபுள். இப்பக் கூட்டு.

கூடிருச்சா? 22 கூடிருச்சா?

காலையில பனியோட எடுத்த கொழுந்துலயும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத எடை இருக்கும். தண்ணிக்குக் கழி, கூடைக்குக் கழின்னு சின்ன தொர சொல்லுவாரு. தராசு 20 காட்டும், நான் 18 எழுதுவேன். வெயில் அடிச்சு கொழுந்து காஞ்சு கெடந்த நாள்லயும் 18-தான் எழுதுனேன். நானே கூட்டி, நானே கழிச்சு, தொரகிட்ட நல்ல பேரு வாங்குனேன். ரெண்டு கிலோ கொறஞ்சு முழுப் பேரு அரைப் பேரா ஆன நாளெல்லாம் உண்டு. எனக்கு லயத்துல ஒரு பட்டப்பேரு இருக்கு, தெரியுமா ஒனக்கு? ரெண்டு கிலோ. பைப்படியில இன்னைக்கும் சொல்லுறாங்க, கெழவனுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சு. வச்சது வேற யாரும் இல்ல, இந்தா உக்காந்திருக்கே இந்தத் தங்கச்சியோட அம்மாதான். நானாவது ரெண்டு ரெண்டா எடுத்தேன்டா. ஒன் மெக்ரோ ஒரே வாயில 22.

அத்தை எப்படிக் கண்டுபிடிச்சுச்சுன்னு கேட்டியா நீ? கேக்கல. அதுக்கிட்ட எக்செல் கெடையாது. காம்பராவுல அடுப்புக்குப் பின்னால செவுத்துல கரிக்கோடு. ஒவ்வொரு நிறுவைக்கும் வந்து கோடு போட்டுட்டுத்தான் அடுப்புப் பத்த வைக்கும். அவ அம்மாவும் அப்படித்தான் போட்டா. ரெண்டு கிலோ அங்கதான் பிடிபட்டுச்சு. நாளைக்கு விடியக்காலம் போயி ஒன் கூட்டுத்தொகைய அந்தச் செவுத்தோட வச்சு ஒத்துப் பாரு. செவுத்த ஃபோட்டோ எடுக்குறேன்னு கோடத் தொட்டு அழிச்சிராத.

என்னா தங்கச்சி, சிரிக்கிறீங்க? சத்தமாத்தான் சொல்லுங்களேன், அவனும் கேக்கட்டும்.

கேட்டியாடா? இப்ப வந்த இந்தக் கூட்டுல கூடைக்குக் கழிச்சாச்சா, இனிமேத்தான் கழிக்கப் போறீங்களான்னு கேக்குது.